நாங்கள் மாற்றிவிட்ட நாடகம்

இந்த வருடத்துக்கு நாடகம் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். பையன்கள் வருவார்கள், இரண்டொரு ஞாயிறு நிற்பார்கள், அப்புறம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தச் செய்தியைத் தமிழில் முழுநீள நாடகம் எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எடுத்த புத்தகத்தில் எல்லாம் ராஜா, மந்திரி, தளபதி, வரிசையாகக் காவலர்கள், கடைசியில் ஒரு புலவர். பெண் என்று பார்த்தால் ராணி ஒருத்தி, தோழி ஒருத்தி. தோழிக்கு நாடகம் முழுக்க "ஆம் தேவி" என்பதைத் தவிர வேறு வசனம் கிடையாது. எத்தனை பிள்ளைகளுக்குத்தான் நான் மீசை ஒட்டுவது?

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலைக் கேட்டு வாங்கி, பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். என்னோடு சேர்ந்து நடத்துபவர் ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன், நான் அக்கா. எனக்கும் அவர் அண்ணன்தான்.

ஏன் இரண்டு மணி நேர நாடகம், ஆண்டு விழாவில் போடுகிற மாதிரி இருபது நிமிடத்துக்குச் சின்னதாக ஒன்று போடக்கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம். இருபது நிமிட நாடகத்தில் ஒரு பிள்ளை மேடை ஏறும், மரம் நடு என்று சொல்லும், செல்போன் பார்க்காதே என்று சொல்லும், இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் என்றால் அது இன்னொரு ஆளாக இருந்து பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குப் பசிக்கும், சலிப்பு வரும், மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொய் சொல்லும், சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று சொல்லும். நான் அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறேன். நல்ல கருத்துக்காக இல்லை.

ஹால் கொடுக்கிற தலைமையாசிரியைக்கு நல்ல கருத்து வேண்டும். காதல் கூடாது, சாதி கூடாது, கட்சி கூடாது, குடிகாரன் வரக்கூடாது, போலீஸ் வந்தால் நல்ல போலீஸாக வரவேண்டும், முடிவு மங்களகரமாக இருக்கவேண்டும். இம்புட்டும் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "கருத்து இருக்கும்ல டீச்சர்" என்றார். நான் டீச்சரே இல்லை.

நான் சொல்லவந்தது முந்தின வருடத்து நாடகத்தைப் பற்றி. அது புத்தகமாக வந்ததில்லை. வேறு ஊரில் எங்களைப் போலவே குழு நடத்துகிற என் தோழி எழுதியது. சந்தைக்குப் போன ஒருவர் போன இடத்தில் இறந்துவிடுகிறார். தெருவுக்கே தெரிந்துவிடுகிறது, அவர் மனைவிக்கு மட்டும் தெரியாது. நம் ஊர் வழக்கம் அது. சாவுச் செய்தியை நேராகச் சொல்லமாட்டார்கள். லேசா முடியலையாம், கிளம்பி வா என்பார்கள். வருகிற வழியில் புரிந்துகொள்ள வேண்டியது வருகிறவர் பாடு. நாடகத்தில் அந்த மனைவியிடம் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருத்தி போனை ஒளித்துவைக்கிறாள். ஒருத்தி தலை வாரிவிடுகிறேன் என்று உட்காருகிறாள். இன்னொருத்தி தங்கம் விற்கிற விலையைப் பேசிப் பேசியே பொழுதைத் தள்ளுகிறாள். முதல் பாதியில் சிரிப்பாக இருக்கும், போகப்போகச் சிரிப்பு நின்றுவிடும். கடைசியில் வெளியூரில் படிக்கிற மகள் வந்து, எல்லோரையும் விலக்கிவிட்டு, அம்மா முன்னால் உட்கார்ந்து சொல்கிறாள். "அம்மா, அப்பா செத்துப்போச்சும்மா."

எல்லாம் பெண் வேடம். மீசை ஒட்டவே வேண்டாம். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

எங்கள் வழக்கம், நாடகத்தை முடிவு செய்யும் முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது. யாருக்கும் வேடம் கொடுப்பதில்லை. தாள் கைமாறிக்கொண்டே போகும், கைக்கு வந்த வசனத்தை வாசிக்க வேண்டும். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் ஒரு பிள்ளையாலும் வாசிக்க முடியவில்லை. ஒருத்தி "தவறிட்டாங்க" என்றாள். ஒருத்தி "சாமிகிட்ட போயிட்டாங்க" என்றாள். ஒருத்தி சிரித்துவிட்டாள். வீட்டில் இப்படிப் பேசினால் வாயில் அடி விழும் என்று ஒருத்தி தாளைக் கீழேயே வைத்துவிட்டாள். சோழவந்தானிலிருந்து வருகிற ஒரு பிள்ளையிடம் தாள் போனபோது அவள் அதில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அவள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே எங்களிடம் வருகிறவள். ஊர்க்காரர்கள் கூட்டமாக வருகிற காட்சி என்றால் அதில் அவள் இருப்பாள், இல்லாவிட்டால் திரை இழுப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் போனபின் நின்று, "இத எனக்குத் தாங்கக்கா" என்றாள். கொடுத்தேன். முடிவு மங்களகரமாக இல்லையே என்று இழுத்த தலைமையாசிரியையிடம், அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள் என்று அண்ணன் சொல்லிச் சம்மதம் வாங்கினார். அவர் எதையும் நயமாகச் சொல்லத் தெரிந்தவர்.

அவளுடைய அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். டவுனுக்கு வந்த வேலையில் ஒரு ஞாயிறு மகளைக் கூட்டிப்போக ஹாலுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வெற்றிலைக் கட்டு கொண்டுவந்திருந்தார். நான் வெற்றிலை போடுவதில்லை என்றேன், வீட்டில் யாராவது போடுவார்கள் என்று கையில் திணித்தார். "என்னைய நாடகத்துல கொன்னுபுட்டாளாம்ல" என்று சொல்லிச் சிரித்தார். கொடிக்காலுக்குள் நின்று அவள் வசனம் பேசிப் பேசி, வீட்டில் எல்லோருக்கும் நாடகம் மனப்பாடம் ஆகிவிட்டதாம். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு அவர் முதுகில் தள்ளித் தள்ளிப் படியிறக்கிக் கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, ஒத்திகைக்கு நடுவில் அண்ணனுக்குப் போன் வந்தது. ஒத்திகையின்போது பிள்ளைகளின் போன்களை அணைத்துவைப்போம், அதனால் வீட்டார் எல்லோரிடமும் அவர் நம்பர் இருக்கும். பேசிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவள் சித்தப்பா பேசியிருக்கிறார். கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். எழவில்லை. "பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாமக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றார் அண்ணன்.

நான்தான் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு லேசா முடியலையாம் என்றேன். சரிங்கக்கா என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சமயநல்லூர் தாண்டியபோது பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினாள். நான் அந்த நாடகத்தை எழுதிய தோழியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், எழுதியவள் என்ன செய்வாள் பாவம். பிள்ளையின் வீட்டுத் தெருமுனையில் திரும்பியதுமே பந்தல் தெரிந்தது. அவள் கையை உருவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் அழவில்லை. உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் கட்டிப்பிடித்துக் கதறினார்கள், கட்டிப்பிடிக்க உடம்பைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய் யாருக்கோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் திரும்பும்போது பஸ் ஏறும் இடத்தைக் கைகாட்டிச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஹாலில் யாருக்கும் ஒத்திகை பார்க்கிற மனம் இல்லை. அண்ணன் எழுந்து, இந்த நாடகம் வேண்டாம் என்றார். பிள்ளைகள் விசும்பினார்கள், தலையாட்டினார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களும் அதுதான் சரி என்றார்கள். அந்தப் பிள்ளையை அந்த வசனம் சொல்லவைப்பது கொடுமை, வேறு பிள்ளையைச் சொல்லவைத்து அவளைப் பார்க்கவைப்பது அதைவிடக் கொடுமை. தலைமையாசிரியைக்குச் செய்தி போய், இனி அந்த நாடகத்துக்கு ஹால் தரமுடியாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டிருந்தார். நான் கத்தினேன். அவள் வரட்டும், அவளிடம் கேட்போம், அதற்குள் என்ன அவசரம் என்றேன். "கேட்டா அது சரின்னுதான்ம்மா சொல்லும். நம்ம கேக்குறதே பாவம்" என்றார் அண்ணன். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. கெட்டவன் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம்.

புது நாடகம் அவர் பையிலேயே இருந்தது. கல்யாண வீட்டில் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்விட, பெண் வீட்டுக்காரிகள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்கிற கதை. அதிலும் பெண் வேடங்கள்தான் அதிகம். அதிலும் ஒரு விஷயத்தை இரண்டு மணி நேரம் மறைக்கிறார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள், நான் தூக்கவில்லை.

கருமாதி எல்லாம் முடிந்து அவள் வந்தபோது ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். இளைத்திருந்தாள். மற்றவர்கள் வருமுன் கடைசிக் காட்சியை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் நாடகத்தை மாற்றிவிட்டதைச் சொன்னேன்.

"எனக்காகவா?"

"ஆமா."

"அம்புட்டுப் பேரும் சேந்தா?"

அம்புட்டுப் பேரும் என்றேன். நான் சண்டை போட்டதைச் சொல்ல வாயெடுத்தேன், அது இப்போது அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கினாள், பிரித்தாள். அப்புறம் மெதுவாகப் பேசினாள். "அன்னைக்கு பஸ்ல கையப் பிடிச்சீங்கள்ல, அப்பவே தெரிஞ்சிருச்சுக்கா. எங்கம்மாகிட்டயும் லேசா முடியலன்னுதான் சொல்லியிருக்காங்க. வாசல்ல பந்தக்கால் ஊனவும்தான் அதுக்குப் புரிஞ்சிருக்கு. ஒரு ஆளும் எங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லல. அதான் இங்கனயாச்சும் நான் ஒருதடவ சத்தமாச் சொல்லிப்புட்டா, நடந்ததுதான்னு எனக்குப் பிடிபடும்னு நெனச்சேன்."

அண்ணன் வந்ததும் இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, ஹால் கிடைக்காது, பிள்ளைகள் புது வசனத்தைப் பாதிக்குமேல் படித்துவிட்டார்கள், மறுபடி சாவு என்றால் அவர்கள் பயப்படுவார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு ஹால் தேடலாம் என்று நானே அவளிடம் போய்ச் சொன்னேன். "வேணாங்க்கா. எனக்காகத்தான மாத்துனாங்க. இனிமே போயி வேணாங்கிறது நல்லாருக்காது" என்றாள். அந்த நாடகத்துத் தாள்களை மட்டும் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று அண்ணன் அவளுக்குச் சம்பந்தியம்மாள் வேடம் கொடுத்தார். அதுதான் நாடகத்திலேயே பெரிய வேடம். மாப்பிள்ளையின் அம்மா. எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வடையை எண்ணுவாள், தன் ஊர்ப் பெருமை பேசுவாள். அவள் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நடந்து வந்தாலே பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பார்த்தீர்களா, பிள்ளை தேறிவிட்டது என்று அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அவள் நன்றாக நடித்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. நானும்கூட சில ஞாயிறுகளில் சிரித்தேன்.

நாடகம் போட்ட அன்று சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. இடைவேளையில் கடைசி வரிசை ஓரத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். வெளுத்த சேலை, நெற்றியில் ஒன்றுமில்லை. பந்தலுக்குக் கீழே பார்த்த முகம். வருடம் திரும்பாமல் அவர்கள் பக்கத்தில் நல்லது கெட்டதுக்கே வெளியே போகமாட்டார்கள், இவர் பஸ் ஏறி நாடகம் பார்க்க வந்திருக்கிறார். துணைக்கு வந்த கொழுந்தன் மனைவி யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அந்தம்மாவின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அருகில் போனேன். அந்தம்மா எழுந்து நின்று, தணிந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், இது சொல்ற எடம் எப்ப வரும்?"

எனக்கு உடனே புரியவில்லை. அப்பா செத்ததை மகள் சொல்கிற இடத்தைத்தான் கேட்கிறார். அந்த நாடகம் இல்லைங்க, அதை மாற்றிவிட்டோம் என்றேன். எப்போது என்றார். அவர் தவறிய மறுவாரமே என்றேன். அந்தம்மா மேடையில் இழுத்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடிக்காலுக்குள்ள நின்னு நேத்துவரைக்கும் அதத்தான சொல்லிக்கிட்டிருந்துச்சு" என்றார். பிறகு, "வீட்டுல எம்முன்னாடி அழுகவே மாட்டேங்குது டீச்சர். நான் ஒடைஞ்சிருவேனாம். வேல பாக்குது, சோறாக்குது, எனக்கு மாத்திர எடுத்துக் குடுக்குது. ஒரு சொட்டு அழுகல. நாடகத்துலயாச்சும் அழுகும், கண்ணால பாத்துட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன்."

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். மேடையில் திரை விலக, பட்டுச்சேலையும் தலையணை வயிறுமாக அவள் நுழைந்தாள். ஹாலே கைதட்டியது. அந்தம்மா சிரிக்கவில்லை. மகளைவிடச் சிரிக்கிற ஆட்களைத்தான் பார்த்தார், ஒவ்வொரு வரிசையாக. நாடகம் முடியப்போகிற நேரத்தில் கதவோரம் போய் நின்றார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாடகம் முடிந்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அம்மா வந்துச்சாக்கா? பின்னாடி நின்ன மாதிரி இருந்துச்சு."

வந்தார்கள் என்றேன்.

"சிரிச்சுச்சா?"

எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு பொய்யை எல்லோரும் சேர்ந்து சொல்லியாகிவிட்டது. அவள் அம்மா கேட்டதை, சொன்னதை, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். முடித்ததும் அவள் திரும்பி, நாடகத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த கோலத்திலேயே வாசலைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. சோழவந்தான் பஸ் இப்போதுதான் போகிறது என்று இளநீர்க்காரர் சொன்னார். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நடுரோட்டோரம் நின்ற அவளை வண்டிகளில் போகிறவர்கள் கல்யாண வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார்கள். வயிற்றில் கட்டியிருந்த தலையணை அவிழ்ந்து கீழே இறங்கியிருந்தது. உள்ளே போவோம் வா என்று தோளைத் தொட்டேன்.

அவள் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். எனக்கு அது அழுகை என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. பந்தலுக்குக் கீழே அழாததை, அத்தனை மாதம் வீட்டில் அழாததை, இளநீர்க்காரரும் நானும் பார்க்க அழுது தீர்த்தாள். அதைப் பார்ப்பதற்கென்றே வந்த அம்மா அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.